ஓஆர்எஸ் பாக்கெட்டில் உப்பு ஏன் 2.6 கிராம்?

கொஞ்சம் நீளமான பதிவு. வரலாறும் வரும், வேதியியலும் வரும். பிளஸ் ஒன்னில் "மோல் கான்செப்ட்" என்ற பாடத்தைப் பார்த்ததும் பயந்து ஓடினவங்களும் தைரியமா படிக்கலாம். கணக்கெல்லாம் நானே போட்டுத் தர்றேன்.

வீட்டில் ஓஆர்எஸ் பாக்கெட் இருந்தா எடுத்து, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் பாருங்க. உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்றால் இப்படி இருக்கும்:

சோடியம் குளோரைடு 2.6 கிராம்
பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம்
சோடியம் சிட்ரேட் 2.9 கிராம்
டெக்ஸ்ட்ரோஸ் (அதாவது குளுக்கோஸ்) 13.5 கிராம்

மொத்தம் 20.5 கிராம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு.

ஏன் 2.6? ரெண்டரைன்னு ரவுண்டா வைக்கக் கூடாதா? குளுக்கோஸ் ஏன் 13.5? எந்த மளிகைக் கடையில் பதிமூன்றரை கிராம் நிறுத்துத் தருவாங்க?

இந்த நாலு எண்ணுக்கும் பின்னால் 170 வருஷக் கதை இருக்கு. அந்தக் கதைக்குப் போகும் முன் ஒரே ஒரு விஷயம் புரிஞ்சா போதும்.

நம்ம குடல் கிராம் பார்க்காது. எண்ணிக்கைதான் பார்க்கும்.

ஒரு கிலோ சுண்டைக்காயும் ஒரு கிலோ பூசணிக்காயும் தராசில் ஒண்ணுதான். ஆனால் எண்ணிப் பார்த்தால்? அதே மாதிரிதான் உப்பும் சர்க்கரையும். உப்பு மூலக்கூறு எடை குறைவு, குளுக்கோஸ் மூலக்கூறு எடை அதிகம். ஒரு கிராம் உப்பில் இருக்கும் எண்ணிக்கை, ஒரு கிராம் குளுக்கோஸில் இருப்பதைப் போல மூன்று மடங்கு.

இதை எண்ணுவதற்கு வேதியியலில் ஒரு "டஜன்" உண்டு. அதுதான் மோல். டஜன் என்றால் பன்னிரண்டு. மோல் என்றால் 6-க்குப் பின்னால் 23 பூஜ்யம் போட்டால் வருவதைவிடக் கொஞ்சம் கூடுதலான எண்ணிக்கை. அதை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு மோல் உப்பை நிறுத்தால் 58.5 கிராம் வரும், ஒரு மோல் குளுக்கோஸ் 180 கிராம் வரும் என்பது தெரிந்தால் போதும். ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் இருக்கோ அதுதான் மோலாரிட்டி. உடம்புக்குள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இருக்கு என்பதால், நாங்க அதில் ஆயிரத்தில் ஒரு பங்கை எடுத்து மில்லிமோல் என்று பேசுவோம்.

எத்தனை மோல் வேணும்னு முதலில் முடிவு பண்ணணும். அப்புறம் தராசில் வைக்க வேண்டிய கிராமைக் கண்டுபிடிக்க ஒரே பெருக்கல்:

கிராம் = மோலாரிட்டி × லிட்டர் × ஒரு மோலின் எடை.

குளுக்கோஸ் 75 மில்லிமோல் வேணும். 0.075 × 1 × 180 = 13.5. வந்துடுச்சா?

சோடியம் குளோரைடு 45 மில்லிமோல் வேணும். 0.045 × 1 × 58.5 = 2.63. பாக்கெட்டில் 2.6.

பொட்டாசியம் குளோரைடு 20 மில்லிமோல். 0.020 × 74.5 = 1.49. பாக்கெட்டில் 1.5.

(கெமிஸ்ட்ரி வாத்தியார்கள் சண்டைக்கு வரும் முன் சொல்லிடறேன். மோலாரிட்டி என்றால் கரைத்து முடித்த பிறகு ஒரு லிட்டர் இருக்கணும்; ஒரு லிட்டர் தண்ணீரில் பொடியைக் கொட்டினால் அளவு கொஞ்சம் ஏறும். ஏறுவது சுமார் ஒரு சதவீதம். வயிற்றுப்போக்கில் இருக்கும் குழந்தைக்கு அது பொருட்டில்லை.)

ஆக 2.6-ம் 13.5-ம் எங்கிருந்து வந்தது என்று தெரிஞ்சுபோச்சு. அந்த 45-ம் 75-ம் எங்கிருந்து வந்தது? அதுதான் கதை.

1831-ம் வருஷக் கடைசி. காலரா முதல்முறையாக இங்கிலாந்துக்குள் நுழைந்திருக்கு. வில்லியம் புரூக் ஓஷாஹ்னெஸி என்ற 22 வயது அயர்லாந்து டாக்டர் காலரா நோயாளிகளின் ரத்தத்தை எடுத்துப் பரிசோதிக்கிறார். ரத்தத்தில் தண்ணீரும் உப்பும் காரமும் குறைஞ்சிருக்கு, மலத்தில் அதெல்லாம் இருக்கு என்று கண்டுபிடித்து எழுதுகிறார். போனதைத் திருப்பிக் கொடுங்க என்பதுதான் அவர் சொன்ன வைத்தியம். அப்போது காலராவுக்கு நடந்துகொண்டிருந்த வைத்தியம் என்ன தெரியுமா? நோயாளியின் ரத்தத்தைக் கீறி வெளியே எடுப்பது, பேதிக்குக் கொடுப்பது!

இதைப் படித்த தாமஸ் லாட்டா என்ற டாக்டர், 1832 மே மாதம், எடின்பரோவை ஒட்டிய லீத் துறைமுகத்தில் ஒரு மூதாட்டியின் நரம்பில் உப்புத் தண்ணீரை நேரடியாக ஏற்றினார். சாகும் நிலையில் கிடந்தவர், ஆறு பைன்ட் உள்ளே போனதும் கண்ணைத் திறந்து, முகம் தெளிந்து பேச ஆரம்பித்தார். லாட்டா நம்பிக்கையோடு கிளம்பிப் போனார். பேதி நிற்கவில்லை, திரும்ப யாரும் ஏற்றவில்லை, சில மணி நேரத்தில் அந்த அம்மா இறந்துபோனார். இருந்தாலும் ஐவி ஃப்ளூயிட் என்று இன்று நாம் சொல்வது பிறந்தது அங்கேதான்.

லாட்டா கலந்த அளவு என்ன? ஆறு பைன்ட் தண்ணீருக்கு "இரண்டு முதல் மூன்று டிராம்" உப்பு, கூடவே கொஞ்சம் சோடா உப்பு. இந்த டிராம் நம்ம கிராம் இல்லை, அன்றைய மருந்துக் கடை எடை; ஒன்று சுமார் 3.9 கிராம். ஆறு பைன்ட் சுமார் 3.4 லிட்டர். இன்றைய கணக்கில் போட்டால், லிட்டருக்கு 40-லிருந்து 60 மில்லிமோல் உப்பு வருது. நம்ம ரத்தத்தில் சோடியம் சுமார் 140 மில்லிமோல். சோடா உப்பில் இருக்கும் சோடியத்தைச் சேர்த்தாலும் பாதியைச் சுற்றித்தான் நிற்குது.

அவரைக் குறை சொல்ல முடியாது. 140 என்ற எண்ணே அன்று யாருக்கும் தெரியாது. மோல் என்ற வார்த்தையே 1890-களில்தான் வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்ட் என்ற ஜெர்மன் வேதியியலாளரின் கையில் புழக்கத்துக்கு வருது. "இரண்டு முதல் மூன்று" என்பதிலேயே 50 சதவீத வித்தியாசம் இருக்கு பாருங்க. சமையல் குறிப்பில் "உப்பு தேவையான அளவு" என்று போடுவதற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. அப்படி நீர்த்த கரைசலை, அதுவும் கிருமி நீக்கம் செய்யாமல், லிட்டர் கணக்கில் நரம்பில் ஏற்றினால் சிவப்பணுக்கள் தண்ணீர் குடித்து வெடிக்கும். சிலர் பிழைத்தார்கள், பலர் இறந்தார்கள். லாட்டாவும் 1833-ல் இறந்துபோனார். வைத்தியம் மறக்கப்பட்டது.

ஓஷாஹ்னெஸி என்ன ஆனார்? 1833-ல் கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டராக கல்கத்தாவுக்கு வந்தார். காலராவின் தாய்வீட்டுக்கே வந்தவர், வேற வேலையில் இறங்கிட்டார். கஞ்சாவின் மருத்துவப் பயனை ஆராய்ந்தார், அப்புறம் இந்தியா முழுக்கத் தந்திக் கம்பி இழுத்தார். கல்கத்தாவிலிருந்து சென்னைக்கெல்லாம் தந்தி போனதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்த நூறு வருஷத்தை வேகமா தாண்டுவோம். சிவப்பணு வெடிக்காமலும் சுருங்காமலும் இருக்க உப்பு எவ்வளவு வேணும் என்று ஹாம்பர்கர் என்ற டச்சுக்காரர் 1890-களில் கணக்குப் பண்ணினார்; அதிலிருந்து வந்ததுதான் இன்றைய 0.9 சதவீத நார்மல் சலைன். லிட்டருக்கு 9 கிராம், 9-ஐ 58.5-ஆல் வகுத்தால் 154 மில்லிமோல். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியனார்ட் ரோஜர்ஸ் கல்கத்தாவில் உப்பைத் தூக்கலாகப் போட்ட சலைனை ஏற்றி காலரா சாவை நன்றாகக் குறைத்தார். ஆக, நரம்பு வழி வைத்தியம் தேறிவிட்டது.

ஆனால் காலரா வருவது எங்கே? பாட்டிலும் ஊசியும் நர்ஸும் இல்லாத இடத்தில். கடுமையான காலராவில் ஒரு ஆள் மணிக்கு ஒரு லிட்டர் வரைக்கும் இழப்பார். ஒருத்தருக்கே பாட்டில் பாட்டிலாக வேணும். ஒரு கிராமமே விழுந்தால்?

வாய் வழியா குடிக்கக் கொடுக்கலாமே என்று தோணும். கொடுத்துப் பார்த்தாங்க. வெறும் உப்புத் தண்ணீர் குடித்தால், காலரா குடல் அதை உறிஞ்சாமல் அப்படியே கீழே தள்ளும்.

1953-ல் ஹேமேந்திர நாத் சாட்டர்ஜி என்ற கல்கத்தா டாக்டர் லான்செட்டில் ஒரு கட்டுரை எழுதினார். 186 நோயாளிகள். ஒரு லிட்டர் தண்ணீரில் 4 கிராம் உப்பு, 25 கிராம் குளுக்கோஸ். வாந்திக்கு மாத்திரை. கூடவே பேதிக்கு ஒரு இலைச்சாறு. எந்த இலை தெரியுமா? நம்ம வீட்டுத் தொட்டியில் இருக்கும் கற்பூரவல்லி! நோயாளிகள் தேறினார்கள். கணக்குப் போட்டால் உப்பு 68 மில்லிமோல், குளுக்கோஸ் 139. இன்றைய சோடியம் 75-க்கு எவ்வளவு பக்கத்தில் வந்திருக்கார் பாருங்க.

ஏன் உலகம் கண்டுக்கலை? அவர் நோயாளிகளின் உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் அளந்து காட்டவில்லை, ஒப்பிட இன்னொரு குழு இல்லை, குளுக்கோஸ் எதற்கு என்ற விளக்கமும் இல்லை. இது ஒரு பக்கம். கல்கத்தாவில் ஒருத்தர் எழுதினதை மேற்கில் எத்தனை பேர் மதித்துப் படித்திருப்பார்கள் என்ற கேள்வியும் எனக்கு உண்டு.

விளக்கம் 1960-ல் வந்தது. ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர், சிறுகுடல் சுவரில் ஒரு கதவு இருக்கு, அது குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும் என்று சொன்னார். ஜோடியா வந்தால்தான் உள்ளே விடுவேன் என்கிற கதவு. சோடியம் உள்ளே போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். இதில் அதிசயம் என்னன்னா, காலரா விஷம் குடலில் எவ்வளவோ நாசம் பண்ணினாலும் இந்தக் கதவை மட்டும் தொடுவதில்லை.

இப்போ புரியுதா ஏன் எண்ணிக்கை முக்கியம் என்று? அந்தக் கதவு தராசு வைத்திருக்கவில்லை. தலைகளை எண்ணித்தான் உள்ளே விடுது. குளுக்கோஸ் போதாவிட்டால் சோடியம் வாசலிலேயே நிற்கும். குளுக்கோஸ் அளவுக்கு மீறினால் இன்னும் மோசம்: உள்ளே போக முடியாத சர்க்கரை, குடலுக்குள் உட்கார்ந்துகொண்டு உடம்பில் இருக்கும் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். பேதி கூடும்.

அளவு தப்பினால் என்ன ஆகும் என்பதும் அந்தக் காலத்திலேயே தெரிஞ்சுது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை டாக்டர் ராபர்ட் ஃபிலிப்ஸ் குழு பிலிப்பைன்ஸில் குளுக்கோஸ் கலந்த வாய்வழிக் கரைசலைச் சோதித்தது. முதலில் நல்ல பலன். அடுத்த கட்டத்தில் சில நோயாளிகள் இறந்துபோனார்கள். ஃபிலிப்ஸ் அதோடு பின்வாங்கிட்டார்.

1968-ல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் காஷ் என்ற இரண்டு இளம் டாக்டர்கள் அதைச் சரியாகச் செய்தார்கள். வெறும் 29 நோயாளிகள். வெளியே எவ்வளவு போகுதோ அளந்து அதே அளவு உள்ளே கொடுத்தார்கள். ஐவி தேவை சுமார் 80 சதவீதம் குறைந்தது.

ஆனால் அது ஆராய்ச்சி மருத்துவமனை. அளப்பதற்கு நர்ஸ் இருந்தாங்க, ரத்தப் பரிசோதனைக்கு லேப் இருந்தது. அதெல்லாம் இல்லாத இடத்தில் இது நடக்குமா? பெரிய பெரிய டாக்டர்களே நடக்காது என்றார்கள்.

1971. கிழக்குப் பாகிஸ்தானில் போர். லட்சக்கணக்கில் அகதிகள் எல்லை தாண்டி மேற்கு வங்காளத்துக்குள் வருகிறார்கள். எல்லை ஊரான பொங்காவில் காலரா. அங்கே அனுப்பப்பட்டவர் திலீப் மகாலனாபிஸ் என்ற குழந்தை மருத்துவர். மருத்துவமனையில் காலராவுக்கு இரண்டு அறை, பதினாறு படுக்கை. தரை முழுக்க நோயாளிகள். மலத்திலும் வாந்தியிலும் மண்டியிட்டுத்தான் ஊசி போட வேண்டியிருந்தது என்று பிற்பாடு சொல்லியிருக்கார். இரண்டு வாரத்தில் ஐவி பாட்டில் தீர்ந்துபோகும் நிலை.

அவர் முன்னால் இருந்தது ஒரே வழி. கல்கத்தாவில் அவர் வேலை பார்த்த ஆராய்ச்சி மையத்தின் நூலக அறையைப் பொட்டலம் கட்டும் கூடமாக மாற்றினார்கள். ஒருவர் நிறுக்க, ஒருவர் பையில் போட, ஒருவர் இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் பிளாஸ்டிக் பையின் வாயை ஒட்டினார். முகாமில் பெரிய டிரம்மில் கரைத்து, குழாய் வைத்து, நோயாளியின் அம்மா, அக்கா, தம்பி கையில் கப்பைக் கொடுத்துட்டாங்க. "இதைக் குடிக்கக் கொடுத்துக்கிட்டே இருங்க." அவ்வளவுதான். அளவு பார்க்க நர்ஸ் கிடையாது, லேப் கிடையாது.

பொட்டலத்தில் இருந்தது, லிட்டருக்கு: சாப்பாட்டு உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம், கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் 22 கிராம்.

இங்கே கொஞ்சம் நிற்போம். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடிச்ச இடம் இது.

உப்பு 3.5-ஐ 58.5-ஆல் வகுங்க: 60 மில்லிமோல். சோடா 2.5-ஐ 84-ஆல் வகுங்க: 30. இரண்டிலும் சோடியம் இருக்கு. கூட்டினால் 90.

குளுக்கோஸ் 22-ஐ 180-ஆல் வகுத்தால் 122 வரும். ஆனால் பின்னால் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முதல் பாக்கெட்டில் குளுக்கோஸ் 20 கிராம், அது 111. மாற்றிட்டாங்களா? இல்லை! மகாலனாபிஸ் வாங்கினது மோனோஹைட்ரேட். அதாவது ஒவ்வொரு குளுக்கோஸ் மூலக்கூறும் இடுப்பில் ஒரு தண்ணீர் மூலக்கூறைக் கட்டிக்கிட்டு வரும். அதனால் ஒரு மோலின் எடை 180 இல்லை, 198. 22-ஐ 198-ஆல் வகுங்க. 111! தராசில் இரண்டு கிராம் வித்தியாசம், குடலின் கணக்கில் வித்தியாசமே இல்லை.

இப்போ கரைசலில் மிதக்கும் துகள்களை எல்லாம் கூட்டுங்க. சோடியம் 90, குளோரைடு 60, பைகார்பனேட் 30, குளுக்கோஸ் 111. மொத்தம் 291. நம்ம ரத்தத்தில் இந்த எண் எவ்வளவு? சுமார் 290. சமையலறைப் பொருளை வைத்து, ரத்தத்தின் அடர்த்திக்கு அச்சாகச் செய்திருக்காங்க. பொட்டாசியம் மட்டும் அதில் கிடையாது.

முகாமில் 3,700-க்கும் மேற்பட்ட நோயாளிகள். இறப்பு 3.6 சதவீதம். அதற்கு முன் அதே மாதிரி முகாம்களில் 30 சதவீதத்தைத் தொட்ட எண்ணிக்கை அது. ஒரு லிட்டருக்கு ஆன செலவு 11 பைசா.

இன்னொரு சுவையான தகவல்: மோலை உலக அளவைகளின் அடிப்படை அலகாக எடைகள், அளவைகளுக்கான சர்வதேச மாநாடு ஏற்றுக்கொண்டது எப்போது தெரியுமா? அதே 1971. அக்டோபர் மாதம். அதற்குள் பொங்காவில் கணக்குப் போட்டு, பொட்டலம் கட்டி, ஆளைக் காப்பாற்றியே முடிச்சிருந்தாங்க.

முகாமை வந்து பார்த்த தீமான் பருவா என்ற உலக சுகாதார நிறுவன டாக்டர் இதை மேலே கொண்டுபோனார். 1978-ல் லான்செட், சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாகப் போகும் கண்டுபிடிப்பு இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கலாம் என்று தலையங்கமே எழுதியது. மகாலனாபிஸ் 2022-ல் காலமானார். பத்ம விபூஷண் 2023-ல், இறந்த பிறகு வந்தது.

அப்புறம் பாக்கெட்டில் இரண்டு மாற்றம்.

ஒன்று, சமையல் சோடா வெளியே போச்சு. வெயிலும் ஈரமும் இருக்கும் நம்ம மாதிரி நாடுகளில், சோடாவும் குளுக்கோஸும் பக்கத்தில் இருந்தால் பொடி பழுப்பாகிக் கெட்டுப்போகும். பதிலாக சோடியம் சிட்ரேட் வந்தது. அதன் ஒரு மூலக்கூறு மூன்று சோடியத்தைத் தூக்கிக்கிட்டு வரும். சோடா கொடுத்த 30 சோடியத்துக்கு 10 சிட்ரேட் போதும். 0.010 × 294 = 2.94. உங்க பாக்கெட்டில் இருக்கும் 2.9 அதுதான்.

இரண்டாவது, சோடியம் 90 என்பது காலராவுக்குச் சரி. காலராவில் போகும் மலத்தில் உப்பு அதிகம். ஆனால் உலகத்தில் பெரும்பாலான குழந்தைகளுக்கு வருவது ரோட்டா மாதிரி வைரஸ் பேதி. அதில் உப்பு இழப்பு குறைவு. 90 கொடுத்தால் சில கைக்குழந்தைகளுக்கு ரத்தத்தில் உப்பு ஏறிடுமோ என்று இருபது வருஷம் சண்டை போட்டாங்க. கடைசியில் பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, 2002-ல் சோடியம் 75, குளுக்கோஸ் 75, மொத்தம் 245 என்று முடிவாச்சு. பாதியில் ஐவி போட வேண்டி வருவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, வாந்தியும் குறைந்தது. சோடியம் 75-ல் சிட்ரேட் 30 கொண்டுவருது. மீதி 45-ஐ உப்பு கொண்டுவரணும். 45 மில்லிமோல் உப்பு = 2.6 கிராம்.

தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துடுச்சு. ஆனால் பதிவு முடியலை. ஏன்னா அந்தப் பெருக்கலில் மூன்று எண் இருந்தது: மோலாரிட்டி, மோலார் எடை, லிட்டர். முதல் இரண்டையும் விஞ்ஞானிகள் முடிச்சுட்டாங்க. மூன்றாவது, அந்த "ஒரு லிட்டர்", இன்னும் அம்மாக்கள் கையில்தான் இருக்கு.

சில வருஷம் முன் நான் வேலை பார்த்த ஒரு வார்டில், பதினொரு மாசக் குழந்தை ஃபிட்ஸோடு வந்தது. இரண்டு நாள் பேதி. வெளியில் எங்கேயோ ஓஆர்எஸ் கொடுத்து அனுப்பியிருக்காங்க.

"எவ்வளவு தண்ணியில கலக்குனீங்கம்மா?"

"டம்ளர்ல தான் சார். குடிச்சு முடிச்சதும் அடுத்த பாக்கெட்ட கலக்குனேன். மூணு பாக்கெட் குடுத்துட்டேன் சார்."

அந்த அம்மா எதையும் அலட்சியமா செய்யலை. ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்திருக்காங்க. ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் என்று யாரும் வாயைத் திறந்து சொல்லலை, அவ்வளவுதான்.

200 மில்லி டம்ளரில் ஒரு லிட்டர் பாக்கெட். ஐந்து மடங்கு. சோடியம் 75 × 5 = 375. கடல் தண்ணீரில் சோடியம் சுமார் 470. அதுக்குப் பக்கத்தில் வருது! மொத்தத் துகள்கள் 245 × 5 = 1,225, ரத்தத்தைப் போல நாலு மடங்கு. ரத்தத்தில் உப்பு ஏறினால் மூளை செல்களில் இருந்து தண்ணீர் வெளியேறும், ஃபிட்ஸ் அதனால்தான். அதைச் சட்டென்று இறக்கவும் கூடாது, மூளை வீங்கிடும். இரண்டு நாளுக்கு மேல், மணிக்கணக்குப் பார்த்து மெதுவாக இறக்கினோம். குழந்தை நல்லபடியா வீட்டுக்குப் போச்சு. எல்லாக் குழந்தைக்கும் அப்படி அமைவதில்லை.

இந்த "கடைசி அளவு" பிரச்சினையை உலகத்திலேயே சிறப்பாகக் கையாண்டவர்கள் வங்கதேசத்தின் பிராக் அமைப்பினர் என்பேன். 1980-லிருந்து பத்து வருஷம், பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள். பாக்கெட் கொடுக்கலை. மூன்று விரலில் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். தாய் அதைத் தன் கையாலேயே கலந்து காட்டணும். பிறகு வேறொரு குழு போய், சில தாய்மார்களைப் பொறுக்கி எடுத்துத் திரும்பக் கலக்கச் சொல்லும். கரைசலை லேபில் சோதிக்கும். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கோ அதைப் பொறுத்துத்தான் ஊழியருக்குச் சம்பளம். கற்றுக்கொடுத்தேன் என்று கையெழுத்து வாங்கினால் காசு கிடையாது!

நம்ம ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வேலூர் சிஎம்சி-யின் ராமகிருஷ்ணா குழு, எளிதில் செரிக்காத ஒரு வகை மாவுச்சத்தை ஓஆர்எஸ்ஸில் சேர்த்தால் காலரா பேதி குறையும் என்று காட்டி, 2000-ல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் வெளியிட்டது. அரிசிக் கஞ்சியில் உப்புப் போட்டுக் கொடுக்கும் பாட்டிகளை யாரும் கிண்டல் பண்ண வேண்டாம்.

கிண்டல் பண்ண வேண்டியது வேறு. டெட்ரா பேக்கில் "ஓஆர்எஸ்" என்று பெயர் போட்டு விற்ற ஜூஸ்கள். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருஷக்கணக்கில் போராடி, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவு போட்டது. இனி நீங்களே கணக்குப் போடலாம். ஒரு பானத்தின் லேபிளில் 100 மில்லிக்கு 10 கிராம் சர்க்கரை என்று இருந்தால், லிட்டருக்கு 100 கிராம். சாதாரணச் சர்க்கரையின் ஒரு மோல் 342 கிராம். 100-ஐ வகுத்தால் 292 மில்லிமோல். குடலில் அது குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று இரண்டாக உடையும்: 585. ஓஆர்எஸ்ஸின் மொத்தமே 245 தானே? பேதியில் இருக்கும் குழந்தைக்கு இதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று மேலே படிச்சுட்டீங்க.

பாக்கெட் கிடைக்காத நேரத்தில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஆறு டீஸ்பூன் சுமார் 25 கிராம். 342-ஆல் வகுங்க, 73 வரும். எங்கேயோ பார்த்த எண் மாதிரி இருக்கா? பொட்டாசியமும் சிட்ரேட்டும் இதில் இல்லை, அதனால் இது பாக்கெட் கிடைக்கும் வரைக்கும்தான்.

இன்பாக்ஸில் எப்பவும் வரும் கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிடறேன். "டாக்டர், ஒரு லிட்டர் வேணாம், பாதி பாக்கெட்டை அரை லிட்டரில் கலக்கலாமா?" வேணாம். பாக்கெட்டுக்குள் நாலு பொடியும் சமமாகக் கலந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை; முதல் பாதியில் உப்பு அதிகமாக விழலாம். 200 மில்லிக்கு என்று தனியாகச் சின்ன பாக்கெட் வருது, சுமார் 4 கிராம் இருக்கும். அதை வாங்குங்க. அந்தச் சின்ன பாக்கெட்டை ஒரு லிட்டரில் கொட்டிடாதீங்க, சோடியம் 15-க்கு இறங்கிடும், அதுவும் ஆபத்து. பெரிய பாக்கெட்டுக்கு அளவு தெரியலைன்னா, கடையில் வாங்கின ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று வீட்டில் இருந்தால் போதும். முழு பாக்கெட், முழு பாட்டில். கலந்ததை 24 மணி நேரத்துக்குள் கொடுத்து, மீதியைக் கீழே ஊத்திடுங்க.